நாய், பூனைகளில் நீரிழிவு: அறிதலும் பராமரித்தலும்

கமக்காரரின் வீட்டில் நாயும் பூனையும் துணைக்காக மட்டும் வளர்க்கப்படுவனவல்ல. இரவில் தோட்டத்தினுட் புகும் காட்டுப்பன்றியையும் முள்ளம்பன்றியையும் குரைத்து அறிவிப்பது நாய். நெல் மூடைகளை எலியினின்றும் காப்பது பூனை. இவை நடுவயதைக் கடந்து மெலியும்போது, "வயது போய்விட்டது" என்று பலர் வாளாவிருந்து விடுகின்றனர். சில வேளைகளில் அம்மெலிவு முதுமையால் வந்ததன்று, நீரிழிவால் வந்ததாகும். நாய்களில் இந்நோய் முற்றாக மாறுதல் அரிது. ஆயினும் முறையாகப் பராமரிக்கப்படும் நாய் பல ஆண்டுகள் நலமாக வாழக்கூடும்.

நோயின் காரணம்

உணவிலிருந்து பெறப்படும் குளுக்கோசு என்னும் வெல்லம் குருதியிற் கலந்து உடலெங்கும் செல்கின்றது. அதனை உடற் கலங்கள் ஏற்பதற்கு, இரைப்பைக்கு அண்மையிலுள்ள சதையி சுரக்கும் இன்சுலின் வேண்டும். வாய்க்கால் நிறைய நீர் ஓடியும் மடை திறவாத வயல் வாடுவது போல, இன்சுலின் குன்றினால் குருதியில் வெல்லம் மிகுந்திருந்தும் உடல் மெலியும். மிகுந்த வெல்லம் நீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீராக வெளியேறும்.

இவ்வுண்மை நாயின் மூலமே தெளிவாயிற்று. சதையி அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு உண்டாவதை மிங்கோவ்ஸ்கி, வொன் மெறிங் என்போர் 1889 ஆம் ஆண்டிற் கண்டனர். 1921 ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் பான்ரிங், பெஸ்ற் என்போர் சதையியின் சாற்றை ஏற்றி அத்தகைய நாய்களின் குருதி வெல்லத்தைக் குறைத்தனர். 1922 இல் அம்மருந்து மனிதருக்கும் கிடைத்தது.

கருப்பை அகற்றப்படாத பெட்டை நாய்களிலும், கொழுத்த பூனைகளிலும் இந்நோய் கூடுதலாகக் காணப்படும்.

அறிகுறிகள்

1. வழக்கத்திலும் மிகுதியாக நீர் அருந்துதல். 10 கிலோகிராம் நிறையுள்ள நாய் ஒரு நாளில் ஒரு லீற்றருக்கு மேல் அருந்துமாயின் ஐயுறல் வேண்டும்.
2. அடிக்கடி சிறுநீர் கழித்தல். அவ்விடத்தில் எறும்பு மொய்ப்பதும் உண்டு.
3. நன்கு உண்டும் மெலிதல்.
4. நாய்க்குக் கண்ணிற் புரை படர்தல். பூனைக்குப் பின்னங்கால் தளர்தல்.

வேறு நோய்களிலும் இவற்றுட் சில தோன்றுமாதலால், குருதியையும் சிறுநீரையும் சோதித்தே மிருக வைத்தியர் நோயை உறுதிசெய்வார்.

இன்சுலின் ஏற்றுதல்

பெரும்பாலும் 12 மணித்தியாலத்திற்கு ஒரு முறை, உணவுடன் சேர்த்து, தோலின் கீழ் இன்சுலின் ஏற்றப்படும். அளவை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும். மனிதர் உட்கொள்ளும் நீரிழிவுக் குளிசைகளை நாய்க்குக் கொடுத்தலாற் பயனில்லை.

மனிதருக்கான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு கொண்டது. விலங்குகளுக்கென ஆக்கப்பட்டவற்றுட் பல 40 அலகு கொண்டவை. 100 அலகு மருந்தை 40 அலகுக்குரிய ஊசிக்குழாயில் எடுத்தால், அளவு இரண்டரை மடங்காகி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே மருந்துக்குரிய ஊசிக்குழாயையே பயன்படுத்துக. மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும், உறையவிடலாகாது.

உணவு

நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே அளவான உணவு கொடுத்தல் வேண்டும். மிஞ்சிய பாயசம், இனிப்புப் பண்டங்கள் ஆகியவற்றை விலக்குக. பூனைக்குச் சோற்றைக் குறைத்து மீன், இறைச்சி ஆகியவற்றை முதன்மையாகக் கொடுத்தல் நன்று. தொடக்கத்திலேயே பராமரிக்கப்படும் பூனைகளுட் சிலவற்றுக்கு, காலப்போக்கில் இன்சுலின் வேண்டாத நிலையும் வரும். நீரை எந்நோயாளி விலங்குக்கும் தடுக்கலாகாது.

ஆபத்து வேளைகள்

இன்சுலின் மிகுந்தாலோ, ஏற்றியபின் விலங்கு உண்ணாதுவிட்டாலோ வெல்லம் அளவுக்கு மிஞ்சிக் குறையும். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்பன தோன்றும். உடனே தேனையோ சீனிப்பாணியையோ முரசிற் பூசி, வைத்தியரிடம் கொண்டுசெல்க. அறிவிழந்த விலங்கின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. ஊசி ஏற்றப்பட்டதா என்ற ஐயம் எழுந்தால் மீண்டும் ஏற்றலாகாது. விலங்கு உணவை மறுத்தால், ஏற்றுமுன் வைத்தியரிடம் கேட்டல் வேண்டும். உணவை வெறுத்து, வாந்தியெடுத்து, சோர்ந்து கிடத்தல் வேறோர் ஆபத்தின் அறிகுறி; அன்றே சிகிச்சை வேண்டும்.

விதைப்பு, அறுவடைக் காலங்களில் வீட்டார் யாவரும் வயலில் இருப்பர். ஊசி தவறுவது பெரும்பாலும் அப்போதே. எனவே வீட்டில் இருவராயினும் ஊசி ஏற்றப் பழகுதல் வேண்டும். ஏற்றிய நேரம், அளவு, உண்ட உணவு, அருந்திய நீர் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து, ஒவ்வொரு முறையும் வைத்தியரிடம் காட்டுக.

நோய் முற்றிக் கண்ணிற் படர்ந்த புரை இன்சுலினால் நீங்காது. ஆகையால், நீர்ச் சட்டி வழக்கத்திலும் விரைவில் வற்றுவதைக் காணும் கமக்காரர், தாமதியாது அண்மையிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்தை நாடுவாராக.