பூச்சு வேலைக்கு முன் பால் காய்ச்சலாமா?

ஆடி மாதத்தில் எங்கள் மலை ஊரான மஞ்சூரில் மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். பஸ் ஸ்டாண்டில் நின்றால் எதிரே இருக்கும் டீக்கடை தெரியாது, அப்படி ஒரு மூட்டம். அந்த மாதிரி ஒரு நாளில்தான் கோவையில் காலேஜ் படிக்கும் அக்கா மகன், கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பு தீருவதற்குள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். “மாமா, இந்த கேம் இன்னும் முடியல. ஆனா விக்கிறாங்க. இப்பவே வாங்கிடவா, முழுசா வந்தப்புறம் வாங்கவா?”

முடியாத சாமானுக்கு எவனாவது காசு கொடுப்பானா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த வீடே அப்படிக் குடிவந்த வீடுதான். கான்கிரீட் காய்ந்ததும் பால் காய்ச்சிவிட்டோம். பூச்சு வேலை அடுத்த வருஷம், மாடிக் கைப்பிடிச் சுவர் அதற்கும் அடுத்த வருஷம். படிக்கட்டுக்கு இன்னும் கம்பி போடவில்லை. ஆனாலும் இத்தனை வருஷ வாடகை மிச்சம்.

அவன் காட்டியதற்குப் பெயர் ஏர்லி ஆக்சஸ். கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடை 2013 மார்ச்சில் இதற்கென்று தனிப் பிரிவு திறந்தது. கேமை உருவாக்குகிறவர்கள் பாதி வேலையிலேயே அதை விற்பனைக்கு வைக்கலாம். வாங்கியவர்கள் விளையாடி, எங்கே இடிக்கிறது என்று சொல்வார்கள். வரும் காசில் மீதி வேலை நடக்கும். முடிந்ததும் முழு கேமும் அவர்களுக்கே, கூடுதல் கட்டணம் இல்லை. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. முடிந்துபோன கேமை நாலு நாள் முன்னதாக விளையாடக் கூடுதல் காசு வாங்குவார்கள். அது தீபாவளிப் படத்துக்கு அதிகாலைக் காட்சி டிக்கெட் மாதிரி. அதற்கும் கட்டுமானத்துக்கும் சம்பந்தமில்லை.

ஸ்டீமுக்கு முன்பே இதைச் செய்து காட்டியது மைன்கிராப்ட். ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009 மே மாதம் அதை வெளியே விட்டபோது, கட்டைகளை அடுக்கலாம், உடைக்கலாம், அவ்வளவுதான். ஆல்பா நிலையில் சுமார் 10 யூரோவுக்கும், பீட்டா நிலையில் 15 யூரோவுக்கும், 2011 நவம்பரில் முழுதாக வந்தபோது 20 யூரோவுக்கும் விற்றார். முன்னால் வந்தவனுக்குப் பாதி விலை. வாங்கியவர்களின் காசிலேயே கேம் வளர்ந்தது.

ஆல்பா, பீட்டா என்பவை என்ன? ஆல்பாவில் அறைகளே இன்னும் முடிவாகியிருக்காது. சமையலறை எங்கே வரும் என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும். பீட்டாவில் சுவர்கள் எல்லாம் எழும்பிவிட்டன, ஒழுகும் இடம் பார்த்து அடைப்பதுதான் பாக்கி. 1.0 என்றால் கிரகப்பிரவேசம். ஆனால் அந்த எண்களை நம்பி ஏமாறக் கூடாது. 0.8 என்று போட்டிருந்தால் எண்பது சதவீதம் முடிந்தது என்று அர்த்தமில்லை. அது தசமமே இல்லை. 0.9க்கு அடுத்து 0.10 வரும், 0.11 வரும். செக் குடியரசின் ஃபாக்டோரியோ 0.17, 0.18 என்று போய், அங்கிருந்து 2020 ஆகஸ்டில் நேராக 1.0க்குத் தாவியது. கணக்குப் பாடத்தில் நல்ல மார்க் வாங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த உதாரணம் பப்ஜி. போனில் வருவதற்கு முன் அது கம்ப்யூட்டரில் வந்தது. வந்ததே ஏர்லி ஆக்சஸில்தான், 2017 மார்ச்சில். அப்போது எராங்கல் என்ற ஒரே தீவு. அதைவிட வேடிக்கை, சன்னல் வழியாக ஏறிக் குதிக்கத் தெரியாத வீரர்கள். இடுப்பளவு வேலியைத் தாண்டுவதே பெரும்பாடு. அதனால் விளையாடியவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். குதிக்கும் பட்டனையும் குனியும் பட்டனையும் ஒரே நொடியில் அழுத்தினால் உடம்பு சுருண்டு சன்னலுக்குள் நுழைந்துவிடும். மாதக்கணக்கில் விரலைப் பழக்கி, அதில் தேர்ந்தவர்கள் மற்றவர்களை அடித்துத் தள்ளினார்கள். நவம்பரில் சோதனை சர்வருக்குச் சுவர் ஏறும் வசதி வந்தது. டிசம்பரில் பாலைவன வரைபடத்தோடு 1.0 வந்தது. விரல் வித்தை அன்றோடு செல்லாக்காசு.

கட்டுமானத்தில் இருக்கும் கேமுக்குள் போகிறவன் இந்த விலையையும் கொடுக்கிறான், காசு கணக்கில் இது வராது. நீங்கள் கற்றுக்கொள்வது நாளைக்கு இல்லாமல் போகலாம். அதிலேயே சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு. சன்னல் வித்தை தெரிந்தவன் இன்றைக்கும் அதைப் பெருமையாகத்தான் சொல்கிறான்.

இதைவிடப் பெரிய இழப்பு சேவ் பைல். மஞ்சூர்ப் பக்கத்துச் சிறு விவசாயி பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குப் போட்டதும் கணக்குப் புத்தகத்தில் வரவு வைப்பார்கள். தேதி, எடை, ஈரக் கழிவு, நிகர எடை. ஒரு நாள் திடீரென்று எடைக்கும் கழிவுக்கும் நடுவில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தால் என்ன ஆகும்? பழைய பக்கத்தைப் புதிய தலைப்பை வைத்துப் படித்தால் நிகர எடை கழிவாகிவிடும், நிகர எடைப் பத்தி காலியாகக் கிடக்கும். கேமின் சேவ் பைலும் இப்படி எண்கள் நிரம்பிய ஒரு பேரேடுதான். ஆள் எங்கே நிற்கிறான், பையில் என்ன இருக்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என எல்லாம் வரிசைக் கிரமமாக எழுதப்பட்டிருக்கும். உருவாக்குகிறவர்கள் பையில் ஒரு புது அறை வைத்தால் வரிசை மாறும். பழையதைப் புதியதாக மொழிபெயர்க்க ஒரு சிறு நிரல் எழுதலாம். எழுதவும் செய்கிறார்கள். ஆனால் மாற்றம் பெரிதாக இருந்தால், எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள் என்று அறிவித்துவிடுவார்கள். நாற்பது மணி நேர உழைப்பு ஒரே அறிவிப்பில் போகும்.

ஆகவே, எப்போது ஆரம்பிப்பது? ஸ்டீம் கடையே ஏர்லி ஆக்சஸ் கேம்களின் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை போடுகிறது: இப்போதுள்ள நிலையில் விளையாட ஆர்வமில்லையென்றால் காத்திருங்கள் என்பது அதன் சாரம். விற்கிறவனே சொல்லும்போது கேட்டுக்கொள்வது நல்லது. வாக்குறுதிப் பட்டியலை மறைத்துக்கொண்டு, இன்றோடு வேலை நின்றாலும் இந்தக் காசுக்கு இது போதுமா என்று பார்க்க வேண்டும். வீடு பார்க்கப் போகிறவன் பிளானை அல்ல, தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்ப்பான் அல்லவா?

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கேமின் சுபாவம். கதை சொல்லும் கேமா, கட்டி விளையாடும் கேமா? கதையை முதல் முறை கேட்கும் வாய்ப்பு ஒரே முறைதான். பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டை 2020 அக்டோபரில் ஏர்லி ஆக்சஸில் விட்டபோது, அதில் முதல் பாகம் மட்டுமே இருந்தது. முழுக் கதையும் வந்தது 2023 ஆகஸ்டில். பழைய சேவ் செல்லாது. ஏறக்குறைய மூன்று வருஷம் முன்னால் வந்தவன் அதே முதல் பாகத்தை, திருப்பங்கள் எல்லாம் தெரிந்த பிறகு, மறுபடி நடந்து கடக்க வேண்டும். தொடர்கதையை முதல் அத்தியாயத்தோடு நிறுத்தி மூன்று வருஷம் கழித்து முதலிலிருந்து கொடுத்தால் யாருக்குப் பிடிக்கும்? கதைக்காகப் போகிறவர்கள் காத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

கட்டி விளையாடும் கேம் அப்படியில்லை. ஃபாக்டோரியோவில் வேலை, அந்நியக் கிரகத்தில் ஒரு தொழிற்சாலையை எழுப்புவது. இரும்பைத் தோண்டு, உருக்கு, பெல்ட்டில் ஏற்று, அடுத்த எந்திரத்துக்கு அனுப்பு. அடுத்த அப்டேட்டில் ரயில் மாறினாலும் புதிதாக ஒன்று கட்டுவதுதானே விளையாட்டு? அதை ஐந்து முறை ஆரம்பித்தவர்கள் ஐந்து முறையும் ரசித்தார்கள். அதில் தள்ளுபடிக்குக் காத்திருப்பதும் வீண். இதுவரை ஒருநாளும் தள்ளுபடி கொடுத்ததில்லை. 2023 ஜனவரியில் 30 டாலராக இருந்த விலையை 35 ஆக்கினார்கள்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஹேடிஸ். கிரேக்கப் பாதாளத்திலிருந்து தப்பி ஓடும் இளவரசன், செத்துச் செத்துத் திரும்ப ஆரம்பிப்பதே அதன் அமைப்பு. ஒவ்வொரு சாவுக்கும் கொஞ்சம் கதை சொட்டும். 2018 டிசம்பரில் தொடங்கி 2020 செப்டம்பரில்தான் உண்மையான முடிவைச் சேர்த்தார்கள். முன்னால் வந்தவர்களுக்கும் கடைசிப் பலகாரம் மிச்சமிருந்தது. ஏர்லி ஆக்சஸை இவ்வளவு புத்திசாலித்தனமாகக் கையாண்டவர்கள் குறைவு.

நட்டாற்றில் விட்ட கதைகளும் இருக்கின்றன. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் விளையாட்டின் முதல் பாகம், அரைகுறையாக 2011இல் வந்து 2015இல் அழகாக முடிந்தது. அந்த நம்பிக்கையில் இரண்டாம் பாகத்தை 2023 பிப்ரவரியில் சுமார் 50 டாலருக்கு விற்றார்கள். வேற்றுக்கிரகக் குடியிருப்பு, நட்சத்திரப் பயணம் எல்லாம் வரும் என்று பட்டியல் இருந்தது. 2024இல் அந்த ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். பட்டியல் பட்டியலாகவே நின்றது. தி டே பிஃபோர் இன்னும் மோசம். 2023 டிசம்பர் 7இல் கடை திறந்தது, நாலே நாளில் நிறுவனம் மூடுவதாக அறிவிப்பு. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியதுதான் ஆறுதல்.

வருஷம் நீண்டால் மோசடி என்றும் சொல்ல முடியாது. ப்ராஜெக்ட் ஸோம்பாய்டு 2013 நவம்பரிலிருந்து ஸ்டீமில் ஏர்லி ஆக்சஸில்தான் கிடக்கிறது. ஆனால் வேலை நடக்கிறது, ஆட்களும் விளையாடுகிறார்கள். கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பார்த்தால் போதும். 2025 தொடக்கத்திலிருந்து, நெடுநாளாகக் கைவைக்காத கேம்களின் பக்கத்தில் ஸ்டீமே அதைக் குறித்துக் காட்டுகிறது.

போன் உலகில் இதற்கு வேறு முகம். இங்கே முன்னால் நுழையப் பெரும்பாலும் காசு கேட்பதில்லை, இடம்தான் கிடைப்பதில்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் இந்தியாவில் தடையான பிறகு, அதன் மறுபிறவியான பிஜிஎம்ஐ 2021 ஜூன் 17 அன்று ஏர்லி ஆக்சஸாக வந்தது. பிளே ஸ்டோரில் ஒதுக்கிய இடங்கள் மளமளவென்று நிரம்பின. ஜூலை 2இல் எல்லாருக்கும் வந்துவிட்டது. இரண்டு வாரம் பொறுத்தவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. புனேயின் சூப்பர்கேமிங் உருவாக்கிய இண்டஸ், அழைப்பு வந்தவர்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு 2024 அக்டோபரில் கதவைத் திறந்தது. இலவச கேமில் சீக்கிரம் போவதால் கிடைப்பது பெருமை மட்டும்தான், என் கணக்கில்.

மலையில் இருப்பவனுக்கு இன்னொரு கணக்கு உண்டு, பெருநகரத்தில் இருந்து எழுதுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை. முடிந்த கேமை ஒரு முறை இறக்கினால் பெரும்பாலும் தீர்ந்தது. கட்டுமானத்தில் இருக்கும் கேமைத் திரும்பத் திரும்ப இறக்க வேண்டும். ஸ்டீம் பைல்களைச் சுமார் ஒரு எம்பி துண்டுகளாக வெட்டி வைத்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இரு சிக்கல். அரைகுறை கேமில் ஒரே அப்டேட்டில் பாதித் துண்டுகள் மாறும். இன்னொன்று, கேமின் சாமான்களை ஒரே பெரிய மூட்டையாகக் கட்டியிருந்தால், 200 எம்பி மாற்றத்துக்குக்கூட அந்த மூட்டையை அவிழ்த்து டிஸ்கில் மறுபடி கட்ட வேண்டும். பழைய லேப்டாப் அதற்கே அரைமணி நேரம் முனகும். தினம் ஒன்றரை ஜிபி பேக்கை ஹாட்ஸ்பாட் போட்டு, மூட்டம் வந்தால் சிக்னல் போகும் ஊரில், ஆறு ஜிபி அப்டேட் என்பது நாலு நாள் சமாசாரம்.

அதனால் அவனிடம் சொன்னது இதுதான். நீ காட்டுவது கட்டி விளையாடும் வகை, இன்றைக்கு இருப்பதே நன்றாக இருக்கிறது, வாங்கு. ஆனால் கோவை ஹாஸ்டல் வைஃபையில் வாங்கி இறக்கிவிட்டு, மலை ஏறும் முன் ஸ்டீமை ஆஃப்லைன் மோடில் போட்டுவிடு. அப்டேட் என்று வழியை மறிக்காது. சில கேம்களில் பீட்டாஸ் என்ற பகுதிக்குள் பழைய பதிப்பையே தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளவும் இடமிருக்கும். சேவ் உடையாமல் இருக்க அது உதவும்.

பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் இருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பும். 2015 ஜூனிலிருந்து அந்த விதி. ஏர்லி ஆக்சஸுக்கும் அதே கணக்கு. பையன் அடுத்த வாரம் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தான். வாங்கியாயிற்றாம். முதல் நாள் கேமைத் திறந்து வைத்துவிட்டு நண்பர்களோடு டீ குடிக்கப் போய்விட்டான். முக்கால் மணி நேரம் மெனு திரை சும்மா ஓடியிருக்கிறது. அந்த முக்கால் மணியும் இரண்டு மணிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நீங்கள் வாங்கினால் டீயைக் குடித்துவிட்டு வந்து திறங்கள்.