கறையானும் இல்லமும்

உடுமலைப்பேட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களில் பழைய ஓட்டு வீடுகள் இன்றும் பல உள. பனங்கைகள் தாங்கிய கூரையும், வேலைப்பாடு அமைந்த நிலைக்கதவும் அவற்றிற்கு அழகு தருவன. அவ்வீடுகளுக்குத் திருடனினும் கொடிய பகை ஒன்றுண்டு. திருடன் இரவில் வந்து போவான். இதுவோ இரவும் பகலும் உள்ளிருந்தே உண்ணும். அதுவே கறையான். செல் எனவும், சிதல் எனவும் அதனை வழங்குவர். வெள்ளெறும்பு என்பாரும் உளர். ஆனால் அஃது எறும்பினம் அன்று, கரப்பான் பூச்சிக்கு உறவுடையது.

கறையான் அரித்த மரத்தின் மேற்புறம் தோல்போல் நிற்க, உட்புறம் வெறுமையாகிவிடும். கதவு கையோடு பெயர்ந்து வரும் நாளில்தான் வீட்டார் பலர் விழிக்கின்றனர். எனினும் அது சுவடின்றி வருவதில்லை. உழைக்கும் கறையானுக்குப் பார்வை இல்லை. உடலோ மிக மெல்லியது. உலர்ந்த காற்றுப் பட்டால் மடியும். ஆதலின் மண்ணை உமிழ்நீரால் குழைத்துக் குழாய்போல் பாதை அமைத்து, அதனுள்ளேயே இயங்கும். சுவரின்மேல் பென்சில் பருமனில் ஏறும் அம்மண்கோடே முதல் அடையாளமாம். மரத்தைத் தட்டுங்கால் எழும் வெற்றொலி மற்றொன்று. மழை பெய்த மாலையில் விளக்கை மொய்க்கும் ஈசல், சிறகு முளைத்த கறையானே. அது தோட்டத்திலிருந்து வருவது இயல்பு. வீட்டுச் சுவரின் வெடிப்பிலிருந்தே புறப்படின், பகை உள்ளே குடியேறிவிட்டது என்று அறிக. சிறகுகள் மட்டும் சன்னலோரம் உதிர்ந்து கிடப்பதும் அத்தகையதே.

மண்கோட்டைத் துடைப்பத்தால் தட்டிவிட்டுக் கவலை ஒழிந்தது என்பார் அறியாதார். ஓரிடத்தில் மட்டும் உடைத்துவிட்டுச் சில நாள் பார்த்தல் வேண்டும். மீண்டும் கட்டப்படின் கறையான் அங்கு நடமாடுகின்றது. அதன் கூடு நிலத்தடியில் உள்ளது. அங்கே தாய்க்கறையான் ஓயாது முட்டையிடுகின்றது. தமிழ்நாட்டுப் புற்றுக் கறையான்கள் அக்கூட்டினுள் காளானும் பயிரிடுகின்றன என்பது வியப்பே. மழைக்குப்பின் புற்றருகே முளைப்பது அப்பயிர்தான்.

ஈரமும், மண்ணைத் தொடும் மரமுமே கறையானுக்கு வாயில்கள். ஒழுகும் குழாயைச் செப்பனிடுக. தென்னை மிகுந்த இவ்வட்டாரத்தில் மட்டையும் விறகும் சுவரோரம் குவித்து வைக்கும் வழக்கம் பெருந்தீங்கு. அவற்றைக் கல்லின்மேல், சுவருக்கு எட்ட அடுக்குக. கூடு வேரூன்றிவிடின் அடித்தள மண்ணில் மருந்திடல் வேண்டும். அது பயிற்சி பெற்றார் தொழில். கிணற்றருகே பெருவிழிப்புத் தேவை.

மரம் போனால் வேறு மரம் கிடைக்கும். ஏடு போனால் கிடையாது. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்ததென்றும், இராசராச சோழன் எண்ணெய் சொரிந்து அவற்றை எடுப்பித்தபோது ஒரு பகுதியே எஞ்சியதென்றும் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஓலைச்சுவடிகளிடையே வசம்பும் கருஞ்சீரகமும் பொடித்து முடிந்து வைப்பது தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தின் மரபு. வசம்பின் நெடி பூச்சிகளை விலக்கும். ஆயினும் நிலப்பத்திரமும் நூலும் அடங்கிய பெட்டி ஈரச்சுவரை ஒட்டித் தரையிலேயே கிடக்குமாயின், வசம்பை மட்டும் நம்பியிருத்தல் தகாது. அதனைச் சுவரினின்று விலக்கிப் பலகைமேல் ஏற்றி, மாதம் ஒருமுறை திறந்து, அடிப்புறத்தையும் திருப்பிப் பார்த்தல் வேண்டும்.