போர்க்கள ஆட்டத்தில் கதைக்கு என்ன வேலை?

கம்ப்யூட்டரில் ஆடும் போர்த்தந்திர விளையாட்டுகளைப் பற்றி நம் மாணவர்களிடையே இருவகைக் கருத்துகள் உண்டு. "எதிரே ஓர் ஆள் இருந்து ஆடினால்தான் ஆட்டம். தனியே ஆடுவது வெறும் பயிற்சி. அதில் வரும் கதை வெறும் ஒப்பனை" என்பர் ஒரு சாரார். "கதை இல்லாவிட்டால் பாசறை கட்டுவதும் படை திரட்டுவதும் கணக்குப் பாடம் போல வறண்டுவிடும்" என்பர் மற்றொரு சாரார். எங்கள் விடுதியில் இந்த வழக்கு இரவுச் சாப்பாட்டின்போது தொடங்கி நள்ளிரவு வரை நடந்ததுண்டு. தமிழர் மட்டுமல்லர், வங்காள நண்பரும் மலையாள நண்பரும் பஞ்சாபி நண்பரும் இதில் கட்சி கட்டுவர். அவர்கள் சொன்னவற்றையும் நான் ஆடி உணர்ந்தவற்றையும் சேர்த்துச் சில செய்திகளை இங்கே விளக்க விரும்புகிறேன்.

சான்றாக ஸ்டார்கிராப்ட் என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கதையை முன்கூட்டியே சொல்ல நேரும். ஆடாதவர்கள் பொறுத்தருள்க.

ஆட்டத்தின் வரலாறு

கலிபோர்னியாவைச் சேர்ந்த பிளிஸார்டு நிறுவனம் 1998 மார்ச்சில் ஸ்டார்கிராப்டை வெளியிட்டது. அந்த ஆண்டின் இறுதியிலேயே புரூட் வார் என்னும் தொடர்ச்சியும் வந்தது. பிறகு 12 ஆண்டு இடைவெளி. 2010 ஜூலையில் இரண்டாம் ஸ்டார்கிராப்டின் முதற்பகுதியான விங்ஸ் ஆப் லிபர்ட்டி வந்தது. 2013இல் ஹார்ட் ஆப் தி ஸ்வார்ம், 2015இல் லெகஸி ஆப் தி வாய்ட் என மேலும் இரு பகுதிகள் வந்து கதை முடிவுற்றது.

தென்கொரியாவில் இந்த ஆட்டத்தின் போட்டிகளைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள். அரங்கு நிறையக் கூட்டம் கூடி அவற்றைக் கண்டது. அதனால் ஸ்டார்கிராப்ட் என்றதும் இருவர் மோதும் போட்டியே பலர் நினைவுக்கு வருகிறது. அதற்குள் ஒரு நெடுங்கதை இருப்பதைச் சிலர் அறியவே மாட்டார்கள்.

கதையில் மூன்று இனங்கள் உண்டு. டெர்ரான் என்போர் பூமியிலிருந்து நெடுந்தொலைவு சென்று குடியேறிய மனிதர்கள். ஸெர்க் என்பவை ஒரே மனத்தின் ஆணைக்கு உட்பட்டுக் கூட்டங்கூட்டமாகப் பாயும் உயிரினங்கள். புரோட்டாஸ் என்போர் பழம்பெருமையும் உயர்ந்த அறிவும் வாய்ந்த வேற்றுலகத்தார். தனியாட்டத்தில் இந்த மூன்று இனங்களின் படைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நாமே நடத்துகிறோம். கதை பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம் மாணவர்கள் இவற்றை மிஷன் என்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னே தலைவர்கள் திரையில் தோன்றி, செய்ய வேண்டியதைச் சொல்வார்கள். பிறகு களம் நம் கையில்.

ஆட்டக்காரர்களின் தீர்ப்பு

இரண்டு ஆட்டங்களையும் ஆடியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கும். "கதை முதல் ஆட்டத்தில் சிறப்பு. கட்டங்கள் இரண்டாவது ஆட்டத்தில் சிறப்பு." இத்தீர்ப்பு ஏன் பிறந்தது என்பதை ஆராய்ந்தால், முதலில் குறிப்பிட்ட வழக்குக்கும் விடை கிடைக்கும் என்று கருதுகிறேன்.

கட்டங்களை முதலில் பார்ப்போம். 1998ஆம் ஆண்டு ஆட்டத்தில் ஒரே நேரத்தில் 12 வீரர்களைத்தான் தேர்ந்தெடுத்து ஏவ முடியும். பெரும்பாலான கட்டங்களில் வேலையும் ஒன்றே. பாசறை அமைப்பாய், படை பெருக்குவாய், எதிரியின் பாசறையை அழிப்பாய். பத்துக் கட்டம் ஆடியபின் கை தானாகவே வேலை செய்யும், மனம் உறங்கும்.

விங்ஸ் ஆப் லிபர்ட்டியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு புதிய நியதி வைத்தார்கள். ஓரிடத்தில் எரிமலைக் குழம்பு அடிக்கடி பொங்கித் தாழ்நிலத்தை மூழ்கடிக்கும். அது பொங்குமுன் படையை மேட்டில் ஏற்றிவிட வேண்டும். மற்றோரிடத்தில் ஓடும் இரயில் வண்டிகளை, அவை தப்பிப் போவதற்குள் மறித்துத் தகர்க்க வேண்டும். இன்னோரிடத்தில் இரவெல்லாம் நோய் பற்றிய மக்கள் அலையலையாக வந்து தாக்குவர். விடிந்ததும் அவர்கள் வெயிலைத் தாங்காமல் எரிவர். பகலில் வெளியே போய் நாசவேலை செய், இரவில் உள்ளே திரும்பிக் காவல் இரு என்பதே அங்கே தந்திரம். இவற்றைப் புகழாதவர் இல்லை. இரண்டாம் ஆட்டத்தின் கதையை வாய்க்கு வந்தபடி திட்டும் எங்கள் வங்காள நண்பர்கூட இந்தக் கட்டங்களை மூன்று முறை ஆடிவிட்டார்!

அப்படியானால் கதை மட்டும் ஏன் முதல் ஆட்டத்தில் சிறந்ததாகத் தோன்றுகிறது? எழுத்து நயம் என்று சொல்லிவிட முடியாது. முதல் ஆட்டத்தின் உரையாடல்களில் மிகையும் முழக்கமும் நிறைய உண்டு. அதில் காட்சிகளும் குறைவு. பெரும்பாலும் திரையின் ஓரத்தில் பேசும் முகங்கள் மட்டுமே. காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

"நீ" என்று அழைத்த கதை

முதல் ஆட்டத்தில் தலைவர்கள் பேசுவது நம்மிடம். நமக்குப் பெயரில்லை, முகமில்லை, பதவி மட்டும் உண்டு. மனிதர் பகுதியில் நாம் ஒரு குடியேற்றத்தின் நிர்வாகி. ஸெர்க் பகுதியில் அப்பேரினத்தின் மனத்துக்கு ஏவல் செய்யும் ஒரு துணைமனம். புரோட்டாஸ் பகுதியில் ஒரு படைத்தலைவர். அவர்கள் நம்மை அந்தப் பதவியின் பெயரால் அழைத்து ஆணையிடுகிறார்கள். நாம் மறுமொழி சொல்வதில்லை. செய்து காட்டுகிறோம்.

இதன் வலிமை டார்சோனிஸ் என்னும் உலகத்தில் நடக்கும் கட்டங்களில் விளங்கும். கொடுங்கோல் அரசை எதிர்த்துக் கலகம் செய்யும் ஆர்க்டரஸ் மெங்ஸ்க் நம் தலைவர். பகைவரின் தலைநகரை ஸெர்க் கூட்டத்துக்கு இரையாக்க அவர் துணிகிறார். அவருடைய வலக்கையான சாரா கெரிகன் மறுத்துரைக்கிறாள். நம் தோழர் ஜிம் ரேனரும் மறுக்கிறார். ஆனாலும் ஆணை நமக்கு வருகிறது. ஸெர்க்குகளைத் தடுக்க வந்த புரோட்டாஸ் படையை நாம் முறியடிக்க வேண்டும். முறியடிக்கிறோம், வெற்றி பெறுகிறோம். வெற்றி பெற்ற அந்தக் கணத்திலே ஸெர்க் கூட்டம் கெரிகனைச் சூழ்கிறது. தன்னை மீட்கும்படி அவள் வேண்டுகிறாள். மெங்ஸ்க் அவளைக் கைவிட்டுக் கப்பல்களைத் திருப்புகிறார்.

இங்கே சிந்தித்துப் பாருங்கள். கெரிகனைக் கைவிட்டவர் மெங்ஸ்க். ஆனால், அவள் அந்த இடத்தில் நிற்பதற்குக் காரணமான போரை வென்று கொடுத்தவர் யார்? நாம்தான். வேண்டுமென்றே தோற்றிருந்தால் கதை நகராது. வென்றால் இந்த முடிவு. தலைவன் தவறு செய்கிறான் என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடன் தீர்க்க நின்றவர்களின் கதைகள் நம்மிடம் உண்டு. படிக்கும்போது அவர்களைக் கண்டு வருந்துகிறோம். இந்த ஆட்டத்தில் அந்த இடத்தில் நாமே நிற்கிறோம். வருத்தத்தோடு ஒரு கூச்சமும் சேர்கிறது.

கதை அதோடு விடுவதில்லை. அடுத்த பகுதியில் நாம் ஸெர்க் துணைமனம். நமக்கு இடப்படும் முதல் வேலை ஒரு கூட்டுப்புழுவைக் காப்பது. அந்தக் கூட்டுக்குள்ளே உருமாறிக்கொண்டிருப்பவள் கெரிகன். கைவிட்ட கையாலேயே அவளைக் காத்து, மனித குலத்தின் பகையாக வெளியே கொண்டுவருகிறோம். புரூட் வாரில் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். கெரிகன் தன்னோடு கூட்டுச் சேர்ந்தவர்களை, அவர்கள் களைத்துக் கிடக்கும் வேளையில் தாக்க முடிவு செய்கிறாள். அந்தத் தாக்குதலை நடத்துவது நாம். முந்திய ஆட்டத்தில் நம் பக்கம் நின்று போரிட்ட பீனிக்ஸ் என்னும் புரோட்டாஸ் வீரன் அதில் மாள்கிறான். அவளைக் கொல்பவன் நானே என்று ரேனர் சூளுரைக்கிறார். முடிவில் மூன்று படைகள் ஒரே நேரத்தில் அவளை எதிர்த்து வந்தும் அவளே வெல்கிறாள். தீமை வென்ற இந்த முடிவை ஆட்டக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

பக்கத்தில் நிற்கும் கதை

இரண்டாம் ஆட்டத்தில் நம்மை யாரும் அழைப்பதில்லை. கதாநாயகன் ரேனர். கட்டங்களுக்கு இடையே அவருடைய கப்பலில் நாம் உலவலாம், மாலுமிகளோடு பேசலாம், ஆயுதங்களைச் செப்பனிடலாம், அடுத்த கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். காட்சிகள் திரைப்படத்துக்கு ஈடாக இருக்கின்றன. ஆயினும், முன்பு ஆணை நம் காதில் விழுந்தது. இப்போது ரேனர் கேட்பதை நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம்.

ஆட்டக்காரர்கள் சொல்லும் குறைகளில் முதன்மையானது ரேனரின் மனமாற்றம். கொல்வேன் என்று சூளுரைத்தவர் இங்கே கெரிகனை நினைத்து ஏங்குகிறார், இறுதியில் அவளை மீட்கிறார். "கதையில் 4 ஆண்டுகள் கழிந்துவிட்டன. மனம் மாறக்கூடாதா?" என்று மலையாள நண்பர் கேட்டார். மாறலாம். ஆனால் அந்த மாற்றம் நடந்த ஆண்டுகளை நாம் ஆடவில்லை. பீனிக்ஸைக் கொன்ற இரவை ஆடியிருக்கிறோம். கையால் செய்ததை மனம் மறப்பதில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எளிதில் மறந்துவிடுகிறது.

இரண்டாவது குறை, தேர்வுகளைப் பற்றியது. ஓரிடத்தில் நோய் பரவிய குடியேற்றத்தை அழிக்கப் புரோட்டாஸ் படை வருகிறது. மருந்து கண்டுபிடித்துவிடலாம் என்று ஹான்சன் என்னும் பெண் மருத்துவர் தடுக்கிறார். யார் பக்கம் சேர்வது என்பது நம் முடிவு. நெஞ்சு பதைக்க வேண்டிய இடம் இது. ஆனால் அவர் பக்கம் சேர்ந்தால் மக்கள் பிழைக்கிறார்கள். எதிர்ப்பக்கம் சேர்ந்தால் அவரே நோய்க்கு ஆளாகிறார். எதைத் தேர்ந்தாலும் நாம் செய்தது சரியாகவே முடியும்படி கதை வளைந்துகொடுக்கிறது! பிழை நேராதபடி காப்பாற்றப்படும் முடிவு முடிவாகுமா? முதல் ஆட்டத்தில் தேர்வே இல்லை. இருந்தும் பொறுப்பு இருந்தது. இரண்டாவதில் தேர்வு இருக்கிறது. பொறுப்பு இல்லை.

மூன்றாவது குறை, பழங்காலத்துத் தீய சக்தி ஒன்று எல்லாவற்றுக்கும் பின்னே இருந்ததாக வரும் தீர்க்கதரிசனம். மனிதரின் ஆசையும் துரோகமும் நடத்திய கதையை ஓர் அரக்கன் தலையில் கட்டியதைப் பலர் விரும்பவில்லை.

ஆனால் இந்தத் தீர்க்கதரிசனப் பகுதிக்குள்ளேயே எல்லோரும் ஒருமுகமாகப் போற்றும் ஒரு கட்டம் இருக்கிறது. புரோட்டாஸ் இனத்தின் கடைசிப் போரை அதில் நாம் நடத்த வேண்டும். வெல்ல வழியே இல்லை. அவர்களுடைய வரலாற்றை எழுதி முத்திரையிடும் வரை காக்க வேண்டும். பிறகு குறித்த எண்ணிக்கை எதிரிகளை வீழ்த்திவிட்டு அழிய வேண்டும். ஒவ்வோர் அரணாக விழுகிறது. பின்வாங்க இடமில்லை. கதை சொல்லும் அழிவும் கை செய்யும் வேலையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. கதையை வெறுக்கும் நண்பரும் கதையைப் பொருட்படுத்தாத நண்பரும் இந்தக் கட்டத்தில் வாய் பேசாமல் இருந்ததை நான் கண்டேன்.

கருத்து

கதை வெறும் ஒப்பனை என்பவருக்கும், கதைதான் உயிர் என்பவருக்கும் இதிலே விடை உண்டு. கட்டத்துக்கு முன்னும் பின்னும் ஓடும் படக்காட்சியில் மட்டும் கதை இருந்தால் அது ஒப்பனைதான். எவ்வளவு பொன் பூசினாலும் ஒப்பனைதான். நமக்கு இடப்படும் ஆணைக்குள்ளே, நாம் பெறும் வெற்றிக்குள்ளே கதை புகுந்துவிட்டால், பேசும் நான்கு முகங்களே போதும். அது பத்தாண்டு கழிந்தும் உறுத்தும்.

இரண்டாம் ஆட்டத்தை நான் தாழ்த்தவில்லை. அந்தக் கப்பலின் உணவகத்தில் ரேனர் தோழர்களோடு அமர்ந்திருக்கும் பொழுதுகளில் ஒரு வீட்டுச் சூடு இருக்கிறது. ஊரை விட்டு வந்து விடுதியில் வாழும் நமக்கு அது விளங்கும். ஆயினும் புதிதாக ஆட விரும்புவோர் பழையதிலிருந்தே தொடங்குமாறு வேண்டுகிறேன். 2017 ஏப்ரலில் முதல் ஸ்டார்கிராப்டும், அவ்வாண்டு நவம்பரில் விங்ஸ் ஆப் லிபர்ட்டியும் இலவசமாக்கப்பட்டன. ஆகவே மாணவர் பைக்குப் பழுதில்லை.

டார்சோனிஸ் கட்டத்துக்கு வரும்போது மட்டும் ஒரு கணம் நில்லுங்கள். ஆணை காதில் விழுகிறது, தோழர்கள் வேண்டாம் என்கிறார்கள், கை மட்டும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. "சொன்னதைச் செய்தேன், என்மேல் என்ன குற்றம்?" என்று நாளை நாம் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து சொல்ல நேரலாம். அந்த விடை எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை இன்று ஓர் ஆட்டத்தில் சோதித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. மாறுபட்ட கருத்துடைய நண்பர்கள் அடுத்த இதழில் எழுதுவார்களாக.