படப்பையிலிருந்து ஒரு மெயில் கிளம்புது!

வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் படப்பையைத் தாண்டினால் ஒரகடம். ரெனோ, ராயல் என்ஃபீல்டு, டெய்ம்லர் என்று பெரிய ஆலைகள் அந்தப் பக்கம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகளும் உண்டு. அங்கே ஓடும் சிஎன்சி மெஷினைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. நாம் இன்று எட்டிப்பார்க்கப் போவது அப்படி ஒரு பட்டறை ஆபீஸின் பின்கட்டை! கொட்டேஷனும் டிராயிங்கும் இன்வாய்ஸும் மெயிலாகப் புறப்படுகிற இடம். வாங்க, உள்ளே வந்து கதவைச் சாத்துங்க, ஏசி வீணாகுது.

ஒரு ரேக், ஒரு யூபிஎஸ், ஒரு லினக்ஸ் சர்வர். ஆபீஸில் எல்லாருக்கும் அதில் கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டோர்ஸிலிருந்து பர்ச்சேஸுக்கு மெயில் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் போய்விடுகிறது. போகாமல் என்ன? ஒரே பெட்டிக்குள் இங்கிருந்து அங்கே. ஆனால் அதே ஆள் ஒரகடத்துக் கஸ்டமருக்கு அனுப்பட்டும், பவுன்ஸ்!

காரணம் பெரும்பாலும் இரண்டு. உள்ளூர் சர்வருக்கு வைத்த டொமைன் பெயர் 'லோக்கல்' என்று முடியும். அப்படி ஒரு முகவரி வெளியுலகில் கிடையவே கிடையாது. அடுத்தது, சாதாரண பிராட்பேண்டில் ஐபி எண் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் ஐபியிலிருந்து நேராக வரும் மெயிலைப் பெரிய சர்வர்கள் நம்புவதில்லை. ஸ்பாம் அனுப்புகிறவர்கள் காலம்காலமாக அந்த வழியில்தான் நுழைந்திருக்கிறார்கள்.

இனிதான் வேடிக்கை. சர்வரில் மெயிலைக் கவனிக்கும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். வீட்சே வெனமா 1998-ல் ஐபிஎம்மில் இருந்தபோது வெளியிட்டது. அதற்கு ஆணையிடும் கோப்பு 'மெயின் சிஎஃப்'. அதில் 'ரிலேஹோஸ்ட்' என்று ஒரு வரி. "வெளி மெயிலை நீயே கொண்டுபோகாதே, இந்த ரிலே சர்வரிடம் ஒப்படை" என்பதுதான் அதன் பொருள். ரிலே என்றால், நம் மெயிலை வாங்கி வெளியுலகுக்குக் கொண்டுசேர்க்கிற சர்வர். சர்வரின் பெயரைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பக்கத்தில் 587 என்று போர்ட் எண். அந்த அடைப்பைக் கவனியுங்கள்! அது இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் டொமைனின் எம்எக்ஸ் பதிவை (மெயிலை வாங்குவது எந்தச் சர்வர் என்று சொல்லும் குறிப்பை) தேடாமல் நேரே அந்தச் சர்வரின் கதவைத் தட்டும். இரண்டே இரண்டு குறிதான், அதற்குள் எவ்வளவு அர்த்தம்! 587-ம் 1998-ல் வந்ததுதான், மெயிலை ஒப்படைப்பதற்கென்றே ஒதுக்கிய போர்ட். ரிலேயின் பாஸ்வேர்டு தனிக்கோப்பில் இருக்கும். ரூட் தவிர யாரும் திறக்க முடியாதபடி அதைப் பூட்டிவைக்க வேண்டும்.

பிறகு 'ஜெனரிக்' என்றொரு பட்டியல். இடப்பக்கம் உள்ளூர் முகவரி, வலப்பக்கம் அதே ஆளின் நிஜ இன்டர்நெட் முகவரி. மெயில் வெளியே போகும்போது மட்டும் பெயர் மாறும், உள்ளுக்குள் பழைய பெயரே. 'போஸ்ட்மேப்' என்று ஒரு கட்டளை தட்டி, ரீலோடு கொடுத்தால் முடிந்தது.

யார் யாருக்கு வெளி மெயில்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எல்லாருக்கும் திறந்துவிடலாம், ஆனால் பர்ச்சேஸ், டிஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ் மட்டும் போதும் என்று முதலாளி சொன்னால், பட்டறை வாசலில் செக்யூரிட்டி கேட் பாஸ் பார்ப்பது மாதிரி, சர்வரும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் வெளியே விடும். பட்டியலில் இல்லாதவர் ஆபீஸுக்குள் தாராளமாக மெயில் போடலாம், வெளியே அனுப்பினால் மறுப்பு. அனுப்புநர் பெயரை மட்டும் நம்பக்கூடாது, அதை யாரும் மாற்றி எழுதலாம்; லாகின் செய்தவரும் அந்தப் பெயரும் ஒன்றுதானா என்று சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நிஜ டொமைனின் டிஎன்எஸ்ஸில், மெயில் போலி இல்லை என்று எதிர்ச் சர்வர் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளும் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லாரும் இவற்றில் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி.

சரி, சோதனை மெயில்! லாக் கோப்பைத் திரையில் ஓடவிட்டுக் காத்திருங்கள். நம் சர்வரும் ரிலே சர்வரும் பேசிக்கொள்கிற பேச்சின் அடிப்படையை ஜான் போஸ்டெல் 1982-லேயே எழுதிவைத்துவிட்டார். வணக்கம் சொல்லி, யாரிடமிருந்து, யாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, எதிர்ச் சர்வர் ஒவ்வொன்றுக்கும் 250 என்று தலையாட்டும். 'டேட்டா' என்றதும் 354, அதாவது 'கொட்டு!' கடிதம் முழுக்கப் போன பிறகு, தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பதிலாக மறுபடி 250 வந்தால், "இனி இது என் பொறுப்பு" என்று ரிலே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். லாகில் 'சென்ட்' என்ற சொல்லைப் பார்க்கிற அந்த நொடி இருக்கிறதே, ஆகா!

நெட் போய்விட்டாலும் கலங்க வேண்டாம். மெயில் க்யூவில் நிற்கும். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே திரும்பத் திரும்ப முயலும், இயல்பான அமைப்பில் 5 நாள் வரை.

டிராயிங் அனுப்புகிற பட்டறைகள் ஒன்றை மறக்கவே கூடாது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலுக்கு இயல்பாக அனுமதிப்பது 1,02,40,000 பைட்தான். இணைப்பு கிளம்பும்போது எழுத்தாக மாற்றப்பட்டு அளவில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 8 எம்பி டிராயிங் வாசலிலேயே நின்றுவிடும்! 'மெசேஜ் சைஸ் லிமிட்' வரியில் எண்ணை உயர்த்துங்கள். ரிலேகாரர்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்று கேட்டுவிட்டு உயர்த்துங்கள். உடனே டிசைன் செக்‌ஷனுக்குக் குரல் கொடுங்கள்: "அந்த டிராயிங்கை இப்போ அனுப்புங்க!"