வாளியில் அள்ளின எண்ணெய் எங்கே போகும்?

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த கெட்டியான எரிபொருள் எண்ணெய் எர்ணாவூர் கரையில் தார் மாதிரி ஒதுங்கியது. பம்புகள் திணறியதால் மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வாளியால் அள்ளிய போட்டோக்களை நீங்க பார்த்திருப்பீங்க. அள்ளியது அப்புறம் எங்கே போச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா?

முதல்ல ஒரு கணக்கு. 1999 டிசம்பரில் பிரான்ஸ் அருகே 'எரிக்கா' கப்பல் உடைந்தப்போ கடலில் கலந்த எண்ணெய் சுமார் 20,000 டன். கரையில் சேர்ந்த கழிவோ 2 லட்சம் டன்னுக்கும் மேல்! காரணம் எளிது. அலையில் அடிபடும் எண்ணெய் தண்ணீரை உள்ளே இழுத்து, குழம்பு மாதிரி பல மடங்கு உப்பும். அதோட மணல், பாசி, பிளாஸ்டிக், நம்ம கையுறை எல்லாம் சேரும். மண்வெட்டியை ஆழமா போட்டா நல்ல மணலும் கழிவாகிடும்.

நம்ம மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கும் உமியைக் கொண்டுபோய்க் கொட்டலாமேன்னு தோணலாம். உமி எண்ணெயை உறிஞ்சும்தான். ஆனா எண்ணெய் குடிச்ச உமியையும் திரும்ப அள்ளணும், அதுவும் கழிவுதான்.

அதனால கரையிலேயே தரம் பிரிக்கணும். திரவ எண்ணெய், எண்ணெய் மணல், எண்ணெய் பட்ட குப்பை, கையுறை-உடை என்று தனித்தனியா. அலை எட்டாத மேட்டில், அடியில் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் விரித்து, மேலே மழை படாம மூடி வைக்கணும். இல்லேன்னா ஒழுகி நிலத்தடி நீருக்குப் போயிடும்.

பிரிச்சு வைத்தால்தான் அடுத்த கட்டம் நடக்கும். திரவத்தைச் சூடாக்கி நீரைப் பிரித்து எண்ணெயை மீட்கலாம். எரியும் குப்பையைச் சிமென்ட் சூளைக்கு அனுப்பலாம். எண்ணெய் மணலை பாக்டீரியாவிடம் விடலாம். எண்ணூரில் இதைத்தான் செய்தாங்க. துறைமுக வளாகத்துக்குள் 2,000 சதுர மீட்டர் இடம் ஒதுக்கி, இந்தியன் ஆயில் ஆய்வுப் பிரிவும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் துணை நின்றன. பாக்டீரியாவுக்குக் காற்று, ஈரம், நைட்ரஜன், பாஸ்பரஸ் வேணும். மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கணும், மாசக்கணக்கில் காத்திருக்கணும். நடுவில் பிளாஸ்டிக் கலந்திருந்தா கிளறவே முடியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் புகுந்தது. அப்பவும் மீனவர்கள் கையால்தான் அள்ளினாங்க. அவங்க தோலிலும் நுரையீரலிலும் போன விஷத்துக்கு எந்த பாக்டீரியாவும் இல்லை.

நாளைக்கு வாலண்டியரா நீங்க போக நேர்ந்தா, வாளியை வாங்கும் முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. கையுறையும் மாஸ்க்கும் எங்கே? இந்த வாளியை எந்தக் குவியலில் கொட்டணும்? பதில் சொல்ல ஆள் இல்லேன்னா, அங்கே முதல் வேலை அள்ளுவது இல்லை. நாலு குவியலுக்கு நாலு இடம் குறிப்பதுதான்.