ஒருவரே கச்சேரி செய்யலாம்!

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் என்று சிதறிய பின், கித்தார் பழகும் பையனுக்குப் பக்கவாத்தியத்துக்கு ஆள் கிடைப்பதில்லை. அக்குறை தீர்க்கும் கருவிதான் ‘லூப் பெடல்’. ஒருமுறை மிதித்தால் வாசிப்பைப் பதியும். மறுமுறை மிதித்தால் அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் அடுத்த வாசிப்பை ஏற்றலாம்.

மலிவான ‘டிட்டோ’வில் ஒரே மிதி, ஒரே திருகு, 5 நிமிடம் பதியும். ஆனால், ஏற்றியவை ஒன்றாய்க் கலந்துவிடும். நடுவிலுள்ளதை மட்டும் நிறுத்த முடியாது. 2021-இல் வந்த ‘பாஸ் ஆர்சி-600’ பல மடங்கு விலை. அதில் 6 தடங்கள். தாளத்தை ஓடவிட்டுப் பாட்டை மட்டும் நிறுத்தலாம்.

ஆனாலும் முதலில் வேண்டியது தாளக்கட்டு. எட்டு எண்ணி, மறுபடி ‘ஒன்று’ விழும் இடத்தில் மிதிக்க வேண்டும். அரை எண்ணிக்கை தவறினாலும் அந்தத் தவறு சுற்றுக்குச் சுற்று ஒலிக்கும். உறுமி மேளம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கைவரும்.

2004-இல் ஸ்காட்லாந்துப் பாடகி கே. டி. டன்ஸ்டால், பிபிசி தொலைக்காட்சியில் ஒரு சிறு பெட்டியுடன் தனியாளாய்ப் பாடிப் புகழ்பெற்றார்.

பெற்றோரே, பிள்ளை கேட்டால் கடன்பட்டு உயர்ந்ததை வாங்காதீர்கள். மலிவானதை வாங்கிக் கொடுங்கள். அதில் போதாமை தெரியும் நாளில் மற்றதைப் பற்றி யோசிக்கலாம்.