தம்புராவின் நூலும் எக்சைற்றர் பெட்டியும்

தொண்டைமானாற்றுப் பிள்ளைகளுக்கு நாதஸ்வரமும் தவிலும் புதிதல்ல. செல்வச்சந்நிதி முருகனின் ஆவணித் திருவிழா வந்தால் ஆற்றங்கரை முழுக்க அந்தச் சத்தம்தான். அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து வீட்டில் போட்டுக் கேட்டிருப்பீர்கள். நாதஸ்வரம் ஓரளவுக்குத் தப்பிவிடும். தவிலின் ‘தொம்’ மட்டும் எங்கேயோ போய்விட்டிருக்கும். பாட்டுக் கச்சேரி என்றால் குரல் மங்கிக் கிடக்கும். ஒலியைத் திருத்தும் செயலியில் ‘என்ஹான்சர்’ என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கடைசிவரை தள்ளிவிடக் கை துறுதுறுக்கும். தள்ளுவதற்கு முன் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

நீங்கள் ஒரு சுரத்தைச் செக்கனுக்கு 200 அதிர்வில் பாடுகிறீர்கள் என்று வையுங்கள். தொண்டையிலிருந்து 200 மட்டும் வருவதில்லை. 400, 600, 800 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே வருகின்றன. இவைதாம் மேற்றொனிகள். அதே சுரத்தை வயலினில் வாசித்தால் வேறு மாதிரிக் கேட்கிறது அல்லவா? எந்த மேற்றொனி எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதுதான் அந்த வேறுபாட்டுக்குப் பெரிய காரணம்.

ஒலிப்பதிவு நாடாவைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை மறுபடி பிரதி எடுத்தால் முதலில் தேய்வது உயர்ந்த மேற்றொனிகள். சாதாரண ‘ட்ரெபிள்’ திருகியைக் கூட்டினால் மிச்சம் இருப்பது பெருக்கும். நாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சலும் அதோடு பெருக்கும். இல்லாமல் போனது வராது. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் அஃபெக்ஸ் நிறுவனம் இதற்கு ஒரு பெட்டி கொண்டுவந்தது. பெயர் ‘ஓரல் எக்சைற்றர்’. ஆரம்பத்தில் அதை விற்கவில்லை, வாடகைக்குத்தான் கொடுத்தார்கள். முடித்த பாட்டின் ஒரு நிமிடத்துக்கு 30 டொலர்! நான்கு நிமிடப் பாட்டுக்கு 120 டொலர். அந்த விலைக்கு யாரும் அளந்துதான் பாவித்திருப்பார்கள். இன்று அதே வேலை என்ஹான்சர் என்ற பெயரில் இலவசமாகக் கிடைப்பதால்தான் நமக்குக் கை நீளுகிறது.

பெட்டி செய்வது இதுதான். ஒலியின் உயர்ந்த பகுதியைப் பிரித்தெடுத்து, அலையின் உருவத்தைக் கொஞ்சம் நசுக்குகிறது. நசுங்கிய அலையில் முன்பு இல்லாத மடங்குகள் பிறக்கின்றன. அவற்றில் துளியை எடுத்து மூல ஒலியோடு கலந்துவிடுகிறது. வானொலியை முழுச் சத்தத்தில் வைத்தால் கரகரக்கிறதே, அதுவும் அலை நசுங்குவதுதான். ஆகவே என்ஹான்சர் என்பது சிறிய அளவில், வேண்டுமென்றே செய்யும் ஒரு கெடுதல்.

தவிலுக்கு வேறொரு தந்திரம் உண்டு. கைத்தொலைபேசியின் குட்டி ஒலிபெருக்கியால் 80 அதிர்வை உரக்கக் கொடுக்க முடியாது. ஆனால் 160, 240, 320 ஆகியவற்றைக் கொடுத்தால், “இது 80தான்” என்று மூளையே கணக்குப் போட்டு, இல்லாத அடித்தொனியைக் கேட்டுக்கொள்கிறது. தாழ்ந்த ஒலிக்கான என்ஹான்சர்கள் இந்த ஏமாற்றில்தான் பிழைக்கின்றன.

பெட்டி வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே நம் பாடகர்களிடம் ஒரு நூல் இருந்தது. சங்கீத வகுப்பில் தம்புராவைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் இடையில் சின்ன நூல் ஒன்று செருகியிருக்கும். அதை ஜீவா என்பார்கள். நூலை மெல்ல நகர்த்திக்கொண்டே தந்தியை மீட்டினால், ஓர் இடத்தில் ஒலி திடீரென்று மலர்ந்து ரீங்கரிக்கும். இன்னும் ஒரு நூலளவு தள்ளினால் போய்விடும். திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1921இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளி அசையாமல் இருக்கவேண்டிய மேற்றொனி எதுவும் பிறக்கக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அதே மேற்றொனி பலமாகக் கேட்டது! வளைந்த குதிரையைத் தந்தி ஒவ்வோர் அதிர்விலும் தொட்டுத் தொட்டு விலகுவதுதான் காரணம். இயற்கையான எக்சைற்றர் என்று இதைச் சொன்னால் தப்பில்லை. இத்தனைக்கும் தம்புராவைப் பாடகருக்குப் பின்னால் இருந்து மெதுவாகத்தான் மீட்டுவார்கள்.

ஏன் மெதுவாக? உங்கள் காதுக் குழாய் ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் நீளம், ஒரு முனை செவிப்பறையால் மூடியது. ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர். அதை நீளத்தின் நான்கு மடங்கால், அதாவது 0.1 மீற்றரால் வகுத்தால் செக்கனுக்கு 3400 அதிர்வு வரும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் காது மிகவும் கூர்மை. என்ஹான்சர் கொட்டுவதும் பெரும்பாலும் அங்கேயும் அதற்கு மேலேயும்தான். அதனால் கொஞ்சம் கூடினாலே ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் ஊசிபோலக் குத்தும். இதைவிடப் பெரிய சிக்கல், ஐந்து நிமிடம் கேட்டால் காது அதற்குப் பழகிவிடும். போதாது என்று இன்னும் கூட்டுவீர்கள்.

இன்னொன்று. 3000, 3400 ஆகிய இரண்டும் ஒன்றாக நசுங்கினால் மடங்குகள் மட்டுமல்ல, கூட்டலான 6400உம் கழித்தலான 400உம் கூடப் பிறக்கும். இவை யாரும் வாசிக்காத சத்தங்கள். நாதஸ்வரம், தவில், சனக்கூட்டம் எல்லாம் சேர்ந்த பதிவில் இப்படி நூற்றுக்கணக்கில் பிறந்தால் சேறுதான். ஆகவே முழுப் பதிவுக்கும் போடாதீர்கள். தனியாகப் பதிந்த ஒரு குரலுக்கு மட்டும் போடுங்கள். நாதஸ்வரத்துக்கு வேண்டவே வேண்டாம். அதில் மேற்றொனிகள் ஏற்கெனவே நிறைந்து வழிகின்றன.

செய்து பாருங்கள். என்ஹான்சரைச் சிறிது சிறிதாகக் கூட்டி, அது காதுக்குத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து கொஞ்சம் குறையுங்கள். அது போட்ட பதிவையும் போடாத பதிவையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் உரக்கக் கேட்பது எதுவானாலும் நல்லதுபோலத் தோன்றும். பிறகு, எது எது என்று சொல்லாமல் தம்பியையோ தங்கையையோ மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். போடாததுதான் பிடித்திருந்தால் என்ஹான்சரை நிறுத்திவிட்டு, அடுத்த முறை பாடுபவருக்குக் கிட்டப்போய்ப் பதியுங்கள்.